கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போனது

திருவண்ணாமலைக்கு எல்லோரும் மலை சுற்றப் போகிறார்கள். நான் போன மாசியில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மண், தண்ணீர் மாதிரிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது என் பிழைப்பு. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, பூச்சிமருந்து கலந்து பாக்கெட் போட்டுவந்த கொட்டகை ஒன்று நாலு வருஷமாக மூடிக் கிடக்கிறது. அந்த மருந்து நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 4.40க்குப் பஸ். கீழ்பென்னாத்தூர் வழியில்தான் வருகிறது, ஆனால் இறங்கிவிடாதீர்கள். எடுத்த தண்ணீர் கெடாமலிருக்க ஐஸில் வைக்க வேண்டும், அதை வாங்கத் திருவண்ணாமலைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். நான் போனது பௌர்ணமிக்கு முதல் நாள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஐஸ்காரர், ஜூஸ் கடைகளுக்கே பத்தவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சிக் கூத்தாடி எட்டு கிலோ வாங்கினேன், 160 ரூபாய். சேகர் என்பவரின் ஆட்டோ, போக வரக் காத்திருக்க எல்லாம் சேர்த்து 1,400. இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம்.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது 10.20. டிரம் கழுவிய தண்ணீரைப் பின்பக்கம் ஒரு பள்ளத்தில் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு புல் பூண்டு கிடையாது. மண் துளைக்கும் திருகுக் கம்பியைக் கையால் திருகி இரண்டடி ஆழத்து மண்ணை எடுத்ததும், முகக்கவசத்தையும் மீறி மூட்டைப்பூச்சி மருந்து வாடை அடித்தது. தொண்டை எரிந்தது. நிலம் அங்கிருந்து கிழக்கே சரிகிறது. சரிவில் 400 மீட்டர் தள்ளி, மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே கஸ்தூரி அக்காவின் வீடும் கிணறும். வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். குடிக்க, சமைக்க எல்லாமே அந்தக் கிணறுதான். வாளியை விட்டு இறைத்தேன். குப்பென்று பிளீச்சிங் பவுடர் நெடி.

"யாருங்க இதுல பவுடர் போட்டது?" என்று கத்தியேவிட்டேன்.

"நான்தாம்மா. டெஸ்ட் பண்ண ஆளு வர்றாங்கன்னு சொன்னாங்க. கெணறு கன்னா பின்னான்னு கெடந்தா நல்லா இருக்குமா? கம்மியா போட்டா தப்பா நெனப்பீங்கன்னு ஜாஸ்தியாவே போட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு ஆள் வந்தால் வாசல் பெருக்குவதில்லையா, அந்த நினைப்பில் செய்திருக்கிறார். பவுடர் போட்ட தண்ணீரில் மருந்து இருந்தாலும் உருமாறிப்போகும், அளவு சரியாகத் தெரியாது. கிணற்றை இறைத்துவிட்டு, ஊறிய பிறகு இன்னொரு நாள் வந்துதான் எடுக்க வேண்டும். முடிவு வர மூன்று வாரமாவது ஆகும் என்றேன். அக்கா முகம் செத்துப்போனது. மகள் ரேவதிக்குத் தலைப்பிரசவம். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் வளைகாப்பு, அன்றைக்கே இங்கே அழைத்து வருவதாக ஏற்பாடு.

"மூணு வாரம்லாம் எனக்கு ஆவாதுங்க. இந்தத் தண்ணிய அவ குடிக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அறிக்கை வராமல் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அது நல்ல விதிதான். மூக்கை நம்பி ஊரைக் கலங்கடிக்கக் கூடாது. அதையே அக்காவிடம் சொன்னேன். சரிங்க என்று உள்ளே போய், பவுடர் போடும் முன் இறைத்து வைத்த குடத்துத் தண்ணீரில் காபி போட்டு வந்தார். கொதிக்க வைத்தால் இந்த மருந்து போகாது என்று எனக்குத் தெரியும். டம்ளரை வாங்கினேன், வாய்வரை கொண்டுபோனேன், முடியவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். காபியை எடுத்துப்போய்க் கொட்டினார். பிறகு போனை எடுத்தார்.

"ரேவதி, நீ இப்ப இங்க வர வேணாம்டி. பிரசவத்த அங்கயே பாத்துக்கலாம். உங்க மாமியார் கேட்டா, அம்மாவுக்கு ஒடம்பு முடியலனு சொல்லிடு."

தலைப்பிரசவத்துக்கு மகளை வராதே என்று சொல்ல ஒரு தாய்க்கு எப்படி மனசு வரும்? சம்பந்தி வீட்டில் என்னென்ன பேசுவார்கள்? எனக்கு அவமானமாக இருந்தது. சொல்ல வேண்டியதை வாயால் சொல்லாமல், குடிக்காமல் வைத்த டம்ளரால் சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளிப் போங்கள். ஐஸ் பத்து கிலோவாவது வேண்டும். ஒரு வாரம் முன்னாலேயே நேரில் போய், கிணற்றைத் தொடாதீர்கள், அழுக்காகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சந்தேகம் இருக்கிறவரை கேன் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்ல எந்த விதியும் தடுக்காது. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துப் போய் மறுபடி தண்ணீர் எடுத்தோம். அறிக்கை பங்குனியில் வந்தது. அக்கா கிணற்றில் மருந்து இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு. போன் பண்ணி, அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றேன்.

"தெரியும்மா," என்றார். "அன்னிக்கே சொல்லிட்டீங்களே."