ஒற்றைக்கொம்பன் ஓடிய திடல்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, இன்று எனக்கு இரண்டு அரிசி ஆலைகள். ஆனாலும் எள்ளுப் பிண்ணாக்கு எங்காவது மணந்தால், இப்போது வீடுகள் நிறைந்துவிட்ட தர்மபுரத்து மாட்டுவண்டிச் சவாரித் திடலும், கழுத்து மணிகளின் சத்தமும், வண்டிகள் கிளப்பிய புழுதியும், எவரும் மதிக்காத எங்கள் ஒற்றைக்கொம்பன் மாடும்தான் கண்ணுக்குள் வரும்.

சண்டைக்காலத்தில் ஒருநாள் அப்பா, "இண்டைக்கும் தோத்தால் மாடு இறைச்சிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நான் திடல் ஓரத்துக்கு ஓடினேன். இரண்டு வண்டிகளும் பாதித் திடலைத் தாண்டும்போது குண்டு போடும் பொம்பர் விமானம் இரைந்து வந்தது. ஓட்டியவர்கள் குதித்தார்கள், நடுவரோடு சேர்ந்து சனமெல்லாம் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தது, மாடுகள் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தன. நான் படுக்கவில்லை.

பொம்பர் போனதும் நடுவர் சேற்றோடு எழும்பினார். "நான் காணேல்லை. ஆருக்கும் வெற்றி இல்லை."

"ஒற்றைக்கொம்பன்தான் முன்னுக்கு! நான் கண்டனான்!" என்று கத்தினேன்.

"உன்ரை மாட்டுக்கு நீயே சாட்சியோடா?" என்றார் நடுவர்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது எதிர்வண்டிக்காரர் உடம்பில் ஒரு பொட்டுச் சேறும் இல்லாமல் நடந்து வந்தார்.

"பொடியன் சொல்லுறது சரி. என்ரை மாடு ஓடேக்கை நான் எப்பிடி ஐயா குப்புறப் படுக்கிறது?"

அதற்குப் பிறகு வன்னியில் ஒற்றைக்கொம்பனை முந்திய மாடு இல்லை. இருந்தால், சொந்தக்காரர் வந்து சொல்லட்டும்.