பாசி சுரண்டிய கல்சரிவு

எங்கள் ஆறு கடலோடு சேருகிற இடத்தில் ஒரு சின்னத் தீவு. அதில் ஒரு காலத்தில் கொப்பரையும் கயிறும் அடுக்கி வைத்த பழைய கிட்டங்கி இருக்கிறது. அதன் வாசலிலிருந்து தண்ணீருக்குள் ஒரு கல்சரிவு இறங்கும், வள்ளங்களை இழுத்து ஏற்றுவதற்கு. இரண்டுக்கும் என்ன வயது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும்தான்.

போன வருடம் ஓர் அதிகாரி பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சரிவு புழக்கத்தில் இல்லை என்று அவர் எழுதிவிட்டால் கிட்டங்கியையும் சேர்த்து இடித்துவிடுவார்கள். மழைக்காலந்தோறும் நாங்கள் வள்ளம் ஏற்றுகிற இடம் அது. அவர் கண்முன்னால் ஒன்றை ஏற்றிக் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

கல்யாண வீடு மாதிரி இரண்டு நாள் அந்தக் கல்லைக் கழுவினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கச் சொன்னவன் நான். கல் பளிச்சென்று ஆனது.

அதிகாரி வந்தார். இருபது பேர் வடத்தைப் பிடித்து இழுத்தோம். வள்ளம் பாதி ஏறி அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடமும் அதை வழுக்கி ஏற்றியது பச்சைப் பாசிதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மீன் விற்கும் என் மைனி, அண்ணன் மனைவி, கிட்டங்கிப் படியில் நின்றிருந்தார். அவர் பேச்சை நான் மனதில் சேர்த்து வைப்பது வழக்கம்.

"ஏலே, பாசிய முழுக்கச் சொரண்டியாச்சா? அது என்ன ஒனக்க மொகமா, வழிச்சு எடுக்க?"

"வெள்ளையாட்டு இருக்கட்டும்னு நெனச்சேன், மைனி."

"இருக்கும். வள்ளமும் அங்கயே இருக்கும்."

சொல்லிவிட்டு அவரே வெட்டுக்கத்தியோடு பின்பக்கத் தோப்புக்குப் போனார். குலை வெட்டிய வாழைத்தடிகளை இரண்டு பெண்களோடு சுமந்து வந்து, பிளந்து, வள்ளத்துக்கு அடியில் வரிசையாகப் போட்டார்.

"இழுங்க மக்கா, சாறு காயதுக்கு முன்ன."

வள்ளம் வழுக்கிக்கொண்டு கிட்டங்கி வாசலுக்கே வந்து நின்றது. எங்கள் இருபது பேர் நெஞ்சும் நிமிர்ந்துவிட்டது.

அதிகாரி பேனாவை எடுத்தார். "கடைசியா எப்போ பயன்படுத்தினீங்க?"

மைனி வாழைச்சாறு பட்ட கைகளை நீட்டிக் காட்டினார். "இப்பத்தான் சாரே. கறை காயல."

அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். கிட்டங்கி நிற்கிறது. பாசியும் திரும்ப வந்துவிட்டது. அதில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிற வேலையை மைனி எனக்கே தந்திருக்கிறார்.