பன்னிரண்டாவது துண்டு

எல்பசான் ஊர்க் கோட்டைச் சுவரை ஒட்டிய எங்கள் சந்தில் தெமிர் வீட்டுச் சமையல் மட்டும் பதினான்கு வருஷம் உருப்படவே இல்லை. மாவு மடிப்புகளை அடுக்கிய புரெக் சுட்டால் அடி மடிப்பு பச்சை மாவாகவே நிற்கும். புத்தாண்டு வான்கோழி வெளியே கரிந்து, எலும்போரம் ரத்தம் காட்டும். மார்ச் பதினான்கு வேனில் நாளன்று ஊரே வெண்ணெய் மணக்கும் சோள பிஸ்கட்டான பலோகுமேயைக் கடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும். தெமிர் வீட்டுப் பலோகுமேயை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். பாவம் அவர் மனைவி செர்வேதே, கைமணம் இல்லாதவள் என்று சந்து முழுக்கப் பேர் வாங்கினாள்.

எல்லாம் பெஹியேவின் வேலை. என் தையல் கடை அவளுடைய ரொட்டி அடுப்புக்கு நேர் எதிரே. பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. நடுநிலை எல்லாம் எனக்குக் கிடையாது, நான் அவள் பக்கம்.

பெஹியே பதினெட்டு வயதில் அந்த அடுப்புக்கு வேலைக்கு வந்தாள். அப்போது அது அரசாங்கத்துடையது. விடியலில் ரொட்டி இறங்கும். மிச்சச் சூட்டில் வீட்டுச் சட்டிகள் ஏறும். நாங்கள் வீட்டில் கலந்து, ஊற்றி, துணியால் மூடி, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போவோம். கரி பிடித்த சட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் திரும்ப வாங்க ஒரு விதி உண்டு: உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். இன்னொரு விதியை யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அடுத்தவர் சட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது.

அடுப்பின் பின்புறம் கொதிக்கும். நடுவில் சமச்சூடு. வாயருகே இடது மூலையில் காற்று படும். அங்கே வைத்தால் சட்டி சுடும், ஆனால் வேகாது. தெமிர் வீட்டுச் சட்டிக்குப் பதினான்கு வருஷமாக அந்த மூலைதான். வான்கோழிக்கு மட்டும் பின்புறம்.

இனி காரணம் சொல்கிறேன். எண்பத்திரண்டில் கறிக்கு ரேஷன். சீட்டுக்குக் கிடைப்பதில் பாதி எலும்பு. வேனில் நாளுக்கு முந்தின நாள், கூட்டுப் பண்ணையில் ஆடு மேய்த்த பெஹியேவின் தம்பி ஓர் ஆட்டுக்குட்டியின் தொடையைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பிடிபட்டால் அரசாங்கச் சொத்தைத் திருடிய குற்றம். அவள் புருஷன் ஹஸ்பி எஃகு ஆலையில் உலையடியில் நிற்கிறவன். வருஷத்துக்கு ஒரு நாளாவது அவன் வயிறாரத் தின்னட்டும் என்று துணிந்தாள். பன்னிரண்டு துண்டாக வெட்டி வேகவைத்தாள். ஒரு பிடி அரிசி தூவி, தயிரும் முட்டையும் பூண்டும் அடித்து மேலே ஊற்றினாள். இதுதான் எங்கள் ஊர்த் தயிர்க்கறி. எங்களை உதைத்தாலும் பொறுப்போம், இதைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டோம்.

வெந்த சட்டியைக் கல் மேடையில் ஆற வைத்தாள். விறகு எடுக்கக் கொல்லைக்குப் போகும்போது, தன் ரொட்டிக்காகக் காத்து நின்ற பக்கத்து வீட்டுத் தெமிரிடம், "கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே, பூனை வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் துணியை எடுத்தபோது பொன்னிற மேற்பரப்பின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டை இருந்தது. பரிமாறினாள், பதினொரு துண்டுதான் வந்தது.

"ஒண்ணைத் தயிரே தின்னுடுச்சுடி, அதுக்கும் ரேஷன்தானே" என்றான் ஹஸ்பி. சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அவனைப் பிடித்துப் போனார்கள். மச்சானைக் காட்டிக்கொடுக்காமல், தானே திருடியதாக ஒப்புக்கொண்டான். விசாரணையில் யாரோ எழுதிப் போட்ட தாளைப் படித்தார்கள்: "தயிருக்கு அடியில் பதினொரு துண்டு கறி." எழுதியவன் பேரைப் படிக்கவில்லை. பெஹியேவுக்கு வேண்டியதும் இல்லை. வேகும்போது தயிர் தாழ்ந்து கறி மேலே புடைத்து நிற்கும், எண்ணுவது சுலபம். ஆனால் பன்னிரண்டு வைத்த சட்டியில் பதினொன்று எண்ணுகிறவன், ஒன்றைத் தின்றுவிட்டு எண்ணியவன். ஹஸ்பிக்கு எட்டு வருஷம், வடக்கே செம்புச் சுரங்கம். மூன்றாம் குளிர்காலத்தில் செத்துப்போனான். உடம்பைக்கூடத் தரவில்லை.

அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சி போனது, அடுப்பு பெஹியேவின் கைக்கு வந்தது. தெமிர் காபிக் கடையில் உட்கார்ந்து, "நாங்க எல்லாரும்தான் கஷ்டப்பட்டோம்" என்று பெருமூச்சு விட ஆரம்பித்தார். கேட்டபோது எனக்கே செருப்பைக் கழற்றத் தோன்றியது. பெஹியே ஒரு முறை நேராகவே கேட்டாள். "யாரு எழுதினாங்களோ, எனக்கென்னம்மா தெரியும்?" என்றார். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இடது மூலை.

வேறு அடுப்புக்குப் போகலாமே என்பீர்கள். போனால் ஏன் போகிறாய் என்று சந்து கேட்கும். பெஹியே கெடுக்கிறாள் என்றால், உன் சட்டியை அவள் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று கேட்கும். அதனால் பச்சை மாவைத் தின்றுகொண்டு, மனைவியைத் திட்டிக்கொண்டு, இங்கேயே சட்டி அனுப்பினார்.

தொண்ணூற்றாறு வேனில் நாள். காலையில் செர்வேதே தானே சட்டியைக் கொண்டுவந்தாள். நான் ரொட்டி வாங்க நின்றிருந்தேன்.

"பெஹியே, நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. எங்கக்கா வீட்டுப் பக்கத்து அடுப்புல இதே தயிரு கத்தி வெச்சு வெட்டுற மாதிரி உறையுது. இங்க வந்தா மோராகுது."

"அடுப்பு பழசுடி."

"பதினாலு வருஷமா நான் கேக்கல. இன்னிக்குக் கேக்குறேன். எந்தேலாவைப் பொண்ணு கேட்டு பெராத்துலருந்து வர்றாங்க. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நாக்கு நீளம். அம்மாக்காரிக்கே சமைக்கத் தெரியலேன்னு எழுந்து போனா, எம்பொண்ணு பேரு என்னாகும்? அவ உனக்கு என்ன பண்ணினா?"

பெஹியே மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். துடுப்பைச் சுவரில் சாய்த்தாள். நீளக் கைப்பிடி உள்ள மரத்துடுப்பு அது, அதை அவள் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

"எழுதினது அவருதானா?"

"எங்கிட்ட வாயத் தொறந்ததில்ல" என்றாள் செர்வேதே. "ஆனா அந்த மாசம் எங்களுக்குக் கறிச் சீட்டு ரெண்டு கூடுதலா வந்துச்சு. நானும் வாங்கிச் சமைச்சேன். ஏதுன்னு கேக்கல. அது என் தப்பு."

பெஹியே சட்டியை வாங்கிக்கொண்டாள்.

"சட்டி நடுவுலதான் வேகும்" என்றாள் பெஹியே. "வாங்கிட்டுப் போக உம்புருஷன் வரட்டும்."

மத்தியானம் வரிசை சந்து முனை வரைக்கும் நின்றது. தெமிர் புது கோட்டில் வந்தார். வரிசையைத் தாண்டி முன்னால் போனார்.

"சீக்கிரம் எடும்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. ராக்கிச் சாராயமும் முடியப் போகுது."

"எடுக்கலாம் தெமிரண்ணே. சட்டியில என்ன?"

"தயிர்க்கறி. வேறென்ன?"

"எத்தனை துண்டு?"

"அதெல்லாம் என்னத்துக்கு? செர்வேதேக்குத்தான் தெரியும்."

"உங்களுக்கு எண்ணத் தெரியுமே. எண்பத்திரண்டுல எங்க சட்டியில எத்தனை இருந்துச்சு? இதே வேனில் நாளு, இதே கல்லு மேடை."

அடுப்பின் உள்ளிருந்து தயிர் தீயும் வாடை வந்தது. தெமிரின் மூக்கு விடைத்தது.

"ஐயோ, கருகுது! எடும்மா!"

"கருகட்டும். நீங்க சொல்லுங்க."

"பெஹியே, எம்பொண்ணு கல்யாணம்!"

"எம்புருஷன் செத்ததும் ஒரு சட்டியாலதான்."

வாடை கூடியது. பின்னால் ஒருவன், "யோவ், சொல்லித் தொலையேன், எங்க சட்டியும் உள்ள இருக்கு" என்று கத்தினான். தெமிர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"பதினொண்ணு" என்றார்.

"எழுதினது யாரு?"

"நான்தான். நான்தான் எழுதினேன். இப்ப எடு!"

"நான் பன்னெண்டு வெச்சேன்."

அவர் புது கோட்டின் பொத்தானைத் திருகினார். எனக்கு இரக்கம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

"ஒண்ணு... தின்னேன்."

"எங்க வீட்டுக் கறியத் தின்னு, அந்தக் கையத் தொடைச்சுட்டுப் போயி எழுதினீங்க."

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

பெஹியே காத்து நின்றாள். அவர் தலையைக் குனிந்து, "நல்லா இருந்துச்சு" என்றார். அழுகிற குரல்.

பெஹியே துடுப்பை எடுத்தாள். பின்புறம் நீட்டவில்லை, நடுவிலும் நீட்டவில்லை. இடது மூலையில் நீட்டி இழுத்தாள். சட்டி வெளியே வந்தது. பொன்னிறம், ஓர் இடத்தில்கூடக் கறுப்பில்லை, தயிர் குலுங்காமல் நின்றது. நடுவில் வெந்ததும் அதை எடுத்துக் காற்றுப் படும் மூலைக்கு மாற்றியிருக்கிறாள். தீய்ந்தது அடுப்புத் தரையில் அவள் ஊற்றிவிட்ட ஒரு கரண்டித் தயிர். சரியான கள்ளி இவள் என்று எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

தெமிர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. சட்டியைக் கல் மேடையில் வைத்தாள். ஓரமாக, விரல் நுழைகிற அளவுக்கு, இரண்டு விரலை விட்டாள். கொதிக்கக் கொதிக்க ஒரு துண்டை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். அவசரமே படவில்லை, எலும்பைக்கூட உறிஞ்சினாள்.

பிறகு சந்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "செர்வேதே அருமையாச் சமைக்கிறா. பதினாலு வருஷமா சட்டியக் கெடுத்தது நானு. எல்லாரும் கேட்டுக்கங்க."

தெமிரிடம் சட்டியை நீட்டினாள்.

"பன்னெண்டுல ஒண்ணு போயி பதினொண்ணு இருக்கு. அந்த ஓட்டை எப்படி வந்துச்சுன்னு சம்பந்தி கேட்டா, நீங்களே சொல்லுங்க."

அவர் ஓட்டை விழுந்த சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசை நெடுக நடந்து போனார். யாரும் வழிவிடவில்லை, ஒவ்வொருவரையும் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

நிச்சயம் நடந்தது, எந்தேலா இப்போது பெராத்தில் இருக்கிறாள். அன்றைக்குப் பிறகு செர்வேதேவின் சட்டி என்றைக்கும் நடுவில்தான். தெமிர் செத்தபோது சந்தில் எல்லா வீட்டிலிருந்தும் துக்க வீட்டுக்குச் சாப்பாடு போயிற்று. தன் அடுப்பிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு ரொட்டிகூடப் போகக் கூடாதென்று பெஹியே மட்டும் அன்று முழுக்க அடுப்பை மூட்டவே இல்லை.