மெரூன் கோட்டும் சோனாமார்க் பனியும்

1982 ஜூனில் நான் காஷ்மீர் போனதற்குக் காரணம் இயற்கை அழகு இல்லை. உழவர்கரையில் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு கலர் போட்டோதான் காரணம். அதில் என் சகலையும் என் கொழுந்தியாள் மல்லிகாவும் பிரான்ஸ் மலையில் பனிமேல் நின்று சிரிக்கிறார்கள். வருகிறவர்களை எல்லாம் மாமியார் அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். நெல்லித்தோப்பில் சைக்கிளில் பாத்திரம் விற்றுச் சொந்தக் கடை போட்ட மூத்த மருமகன் நான். எனக்கு அந்தச் சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது.

1962இல் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சகலையின் அப்பா போய்க் கையெழுத்துப் போட்டார். மில் வேலை ஒருநாள் கெட்டுவிடும் என்று என் அப்பா போகவில்லை. சகலை இன்று பிரான்ஸில் கார் கம்பெனியில் வேலை செய்கிறான். எனக்கு எரியாமல் என்ன செய்யும்? ஜூலையில் அவர்கள் லீவில் வருவதற்குள் நானும் என் மனைவி வசந்தாவும் பனிமேல் நிற்கும் படம் அந்தச் சுவரில் ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

மதராஸிலிருந்து ஜம்முவுக்கு ரயில், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு ஒரு முழுநாள் பஸ். ஸ்ரீநகரில் அம்பாசிடர் டாக்சி நாள் வாடகை 350 ரூபாய் கேட்டார்கள், 280க்கு முடித்தேன். டிரைவர் குலாம் ஐம்பது வயதுக்காரர். என் அரைகுறை இந்திக்கு அவர் சிரிக்காதது பெரிய மனசு.

காலை ஆறரைக்குக் கிளம்பி, தால் ஏரியைச் சுற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டரில் உள்ள மானஸ்பல் ஏரிக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அசையாத தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. வசந்தா மெரூன் கோட்டு போட்டிருந்தாள். போன வருஷம் மல்லிகா கொடுத்தது. பாண்டிச்சேரி வெயிலில் அதற்கு என்ன வேலை, டிரங்குப் பெட்டியிலேயே கிடந்து பாச்சை உருண்டை வாசனை அடித்தது. கரையில் செர்ரிப்பழம் வாங்கினோம். ஒரு வாத்து வந்து பொட்டலத்தோடு இழுத்துக்கொண்டு ஓட, வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடன் வாங்கிவந்த கேமராவில் சும்மா ஒரு படம் எடுத்து வைத்தேன்.

அங்கிருந்து சிந்து என்று பெயர் கொண்ட ஆற்றை ஒட்டியே மலை ஏற்றம். சோனாமார்க் போகும்போது மணி பதினொன்றரை. உயரம் ஏறக்குறைய ஒன்பதாயிரம் அடி. பனிப்பாறை வரைக்கும் குதிரைக்கு ஆளுக்கு முப்பது ரூபாய், ரப்பர் பூட்ஸுக்கு ஐந்து. இரண்டு மலைக்கு நடுவில் பனி வழிந்து வந்து உறைந்து நிற்கிறது. மேலே தூய வெள்ளை, அடியில் பிளந்த இடத்தில் நீலம். அதை நின்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. கேமராவை எடுத்தேன்.

"கோட்டைக் கழட்டு" என்றேன்.

"இன்னாங்க, வெளையாடுறீங்களா? பல்லு கிட்டிக்குது."

"ஒரே ஒரு படம். எடுத்ததும் போட்டுக்க."

"ஏன், கோட்டு நல்லா இல்லியா?"

"அவன் குடுத்தது. பாக்கறவங்க பனியவா பாப்பாங்க? கோட்டத்தான் பாப்பாங்க."

"எந்தங்கச்சி எனக்குக் குடுத்ததுங்க" என்றாள். ஆனாலும் கழட்டினாள். பட்டுப் புடவையோடு நின்றாள். குதிரைக்காரரிடம் கேமராவைக் கொடுத்து, எதை அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்து, பக்கத்தில் போய் நின்று, சரியில்லை என்று மறுபடி ஒன்று எடுத்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. கூடவே வந்திருந்த குலாம் தன் கம்பளியைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு இந்தி தேவைப்படவில்லை.

அன்று மாலையே வசந்தாவுக்கு ஜுரம். மறுநாள் குல்மார்க் போவதாக இருந்தது போச்சு. அடுத்த இரண்டு நாளும் நாங்கள் தங்கியிருந்த படகு வீட்டுக்குள்ளேயே கஷாயமும் கஞ்சியும்.

ஜூலையில் படம் சுவரில் ஏறியது. சகலை வந்ததும் நேரே அதன் முன்னால் போய் நின்றான். "அண்ணே, நாள் முழுக்க மலையிலயே இருந்தீங்களா? எங்கள கம்பெனி பஸ்ல கூட்டிம்போய் அரைமணி நேரம்தான் உட்டான். குடுத்துவச்சவர்ணே நீங்க" என்றான். இதைக் கேட்கத்தான் இரண்டாயிரம் மைல் போய் வந்தேன். கேட்ட சந்தோஷம் தீருவதற்குள் மல்லிகா பக்கத்தில் வந்தாள்.

"இன்னாக்கா, அழுவுற மாதிரி நிக்கிற? நான் குடுத்த கோட்டு குளுருக்கு ஆவலியா?"

வசந்தா என் பக்கம் திரும்பவே இல்லை. "பொட்டிலயே மறந்து வச்சிட்டுப் பூட்டேன்டி."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் நல்ல மாதம். ஆறரைக்கு முன்னால் கிளம்புங்கள். மத்தியானத்துக்கு மேல் சோனாமார்க்கில் மேகம் இறங்கிவிடும். குதிரைக்குப் பேரம் பேசுங்கள், இறங்கித்தான் வருவார்கள். கோட்டு யார் கொடுத்ததாக இருந்தாலும் கழட்டாதீர்கள்.

மல்லிகா கேட்ட மறுநாள் நானே போய், பனிப் படத்தை எடுத்துவிட்டு அந்தச் சட்டத்தில் வசந்தா கோட்டோடு சிரிக்கும் மானஸ்பல் படத்தைப் போட்டேன். வசந்தா சொன்ன பொய் உடையும் என்று தெரிந்துதான் போட்டேன். மல்லிகா படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சின்ன மாப்பிள்ள வாங்கியாந்த கோட்டு" என்று மாமியார் இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. படத்தை மட்டும் நான் மாற்றவில்லை.