உதடு மட்டும் அசைந்தது

பூந்தமல்லியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தபோது தொண்டை கரகரத்ததே தவிர பேச்சு நிற்கவில்லை. திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் தென்காசிப் பக்கம். என் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. "இன்னா சிஸ்டரு, நீ பேசுனா பாட்டு பாடுற மாரியே கீது" என்பார். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. திரும்பக் கேட்பேன். அலுத்துக்கொள்ளாமல் இன்னும் சத்தமாகச் சொல்வார்.

ஆபரேஷன் அன்று காலையில் டாக்டர் மறுபடியும் விளக்கினார். இனி பழைய குரல் வராது. கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. காயம் ஆறியபிறகு பயிற்சி எடுத்தால் ஓரளவு பேசலாம். அவர் தலையாட்டினார். ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது என்னைப் பார்த்து, "உசுரு இருந்தா போதும் சிஸ்டர்" என்றார்.

வார்டுக்குத் திரும்பிய மறுநாளே எதையோ சொல்ல ஆரம்பித்தார். உதடு அசைந்தது. காற்று கழுத்துத் துளையிலேயே போய்விட்டது.

"வலிக்குதாண்ணே?"

இல்லை என்று தலையசைத்தார்.

"சளி எடுக்கணுமா? திரும்பிப் படுக்கணுமா? வீட்டுலேர்ந்து அக்காவைக் கூப்பிடணுமா?"

எதுவும் இல்லை. எழுதிக் காட்டச் சொல்லலாமென்றால் அவருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். படம் போட்ட அட்டையைக் கொடுத்தேன். தண்ணீர், வலி, கழிவறை, குளிர் என்று எல்லாம் அதில் இருந்தது. நிதானமாகப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் சொல்ல வந்தது அதில் இல்லை.

நோயாளியின் பக்கத்தில் உட்காரு, கண்ணைப் பார், அவசரப்படாமல் பேசவிட்டுக் கேள் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்தேன், பார்த்தேன். சத்தத்தோடு சொன்னாலே எனக்குப் பாதி தப்பிப்போகும் பேச்சு அது. வெறும் உதட்டில் எதைப் பிடிப்பது? அதற்குள் அடுத்த கட்டிலில் டிரிப்ஸ் தீர்ந்து கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.

சாயங்காலம் அவர் மனைவி வந்தார். மனைவியிடமும் அதையே உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார். அந்த அக்கா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரிங்க, சரிங்க, பாத்துக்கலாம்" என்றார். மனைவி புரியாமல்தான் சொல்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டில் கம்பியை ஓங்கித் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊட்ல இந்த மன்சன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சே பேச முடியாது. இப்ப இன்னா சொல்றாருன்னே தெர்லியே சிஸ்டர்."

உள்ளே போய் அவர் முகம் தெரிகிற பக்கமாக நின்றேன். "எனக்குப் புரியலண்ணே. புரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டேன். இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். சொன்னார். ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. மறுபடியும் புரியவில்லை. அவர் கண் நிறைந்தது. துடைத்துவிடக் கை நீட்டியபோது தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிறவரை தினமும் ஒரு தடவையாவது முயன்றார். அப்புறம் காயத்தைக் காட்ட ஒருநாள் இருவரும் வந்தார்கள். காயம் நன்றாக ஆறியிருந்தது. பயிற்சிக்குப் போனீர்களா என்று கேட்டேன். மனைவியைப் பார்த்தார்.

"வேணான்றாரு சிஸ்டர். எவ்ளோ சொல்லியும் வர மாட்றாரு" என்றார் அக்கா.

"எப்படியிருக்கீங்கண்ணே?" என்று அவரிடமே கேட்டேன்.

"நல்லா கீறாரு" என்று அதற்கும் அக்காவே பதில் சொன்னார். அவர் உதட்டை அசைக்கவே இல்லை. ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.