அமலிக்கு வைத்த அறிவுச் சோதனை

ஓடைப்பட்டியில் ஜெசிந்தா டீச்சரிடம் டியூஷன் போன பிள்ளை ஃபெயிலானதாகச் சரித்திரமே கிடையாது. திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அடிக்க மாட்டாள். ஆனால் பதில் வாயில் வரும்வரை விடவும் மாட்டாள். தடுமாறுகிற பிள்ளைக்கு எதிரே நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டுவாள். அப்பேர்ப்பட்டவளின் சொந்த மகள் அமலிக்குப் பதினைந்து வயதாகியும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வந்தது. "மெதுவாத்தான் வருவா" என்று ஊர் வாயை அடைத்துவைத்திருந்தாள்.

பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. அறிவுத்திறன் குறைவு என்று சான்றிதழ் வாங்கினால், பொதுத்தேர்வில் அமலி வாயால் சொல்ல இன்னொருவர் எழுதுவார். வாங்காவிட்டால் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். அதற்காகத்தான் தேனியில் உளவியல் நிபுணர் சொர்ணலதாவிடம் மகளைக் கூட்டிப் போனாள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கட்டைகளை அடுக்க வேண்டும், எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அறிவுத்திறன் மதிப்பெண் எழுபதுக்குக் கீழே வந்தால்தான் சான்றிதழ். அமலி பாதியிலேயே அழுதுவிட்டாள். அடுத்த வாரம் முதலிலிருந்து பார்க்கலாம் என்று சொர்ணலதா அனுப்பிவைத்தார்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் காதில் அதுவரை கேட்ட கேள்விகள் அத்தனையும் விழுந்திருந்தன. மகள் "தெரியல, தெரியல" என்றதும் விழுந்தது. குறைவாக வந்தால்தான் நல்லது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அந்தத் "தெரியல"வை இன்னொரு தரம் கேட்க மனசில் தெம்பில்லை. ஒன்றிரண்டு சொல்லிக்கொடுப்போம் என்றுதான் தொடங்கினாள். தலை பின்னும்போதும் சோறு போடும்போதும் மொத்தத்தையும் ஏற்றிவிட்டாள், பாவி மனுஷி!

அடுத்த வாரம் சோதனை முடிந்ததும் சொர்ணலதா அவளை உள்ளே கூப்பிட்டார்.

"எழுபதத் தாண்டிருச்சும்மா. இத வச்சு சான்றிதழ் தர முடியாது."

ஜெசிந்தா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அமலியோ முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை மனசு உடையும். சொல்லாவிட்டால் பரீட்சை போச்சு.

"அமலி, செத்த நேரம் வெளிய போயி இருத்தா."

"மாட்டேன். நான் எல்லாம் கரெக்டாச் சொன்னேன்ல?"

ஜெசிந்தா மகள் பக்கம் பார்க்காமல் சொர்ணலதாவிடம் திரும்பினாள்.

"மேடம், அம்புட்டும் நான் சொல்லிக்குடுத்தது. அவளா யோசிச்சுச் சொல்ல வராது மேடம்."

பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லியாயிற்று. அமலியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

சொர்ணலதா கோபப்படவில்லை. "மனப்பாடம் பண்ணிட்டு வந்தா ஞாபகசக்திதாம்மா தெரியும். முன்னப்பின்ன பாக்காத ஒண்ணக் குடுத்தா அவ என்ன செய்றாங்கிறதத்தான் நாங்க பாக்கணும். இந்த டெஸ்ட் இனி உதவாது. வேற ஒண்ணு இருக்கு, இப்பவே வச்சிருவோம். நீங்க வெளிய ரோட்டோர மரத்தடியில போயி இருங்க."

மரத்தடியிலிருந்து ஜன்னல் தெரிந்தது, பேச்சுதான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அமலி ஜன்னல் வழியாக அம்மாவைத் தேடினாள். அவள் கண் எங்கே போகிறதென்று ஜெசிந்தாவுக்குத் தெரியும், தன் உதட்டுக்குத்தான். என்ன கேள்வி என்றே தெரியாமல் இவள் உதடும் தானாகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முதுகில் மகளின் பார்வை ஏறுவது போலிருந்தது. உள்ளே போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. திரும்பவில்லை.

அமலி அழுதுகொண்டே வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த சொர்ணலதா, "சான்றிதழுக்கு எழுதித் தர்றேம்மா" என்றார்.

வேண்டியது கிடைத்துவிட்டது. ஜெசிந்தா கைகூப்பினாள்.

"நீ ஏம்மா அங்கிட்டுத் திரும்பிக்கிட்ட?" அமலி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு ஒண்ணுமே வரல. அப்ப நான் ஃபெயிலாம்மா?"

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்தவள், அந்தச் சேலைத் தலைப்பாலேயே மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.