கவேனாவின் மணிச்சரம்

கவேனாவிடம் வயதைக் கேட்டால், ஜெனசீ ஆறு வளையும் இடத்திலிருக்கும் தன் சோளக்கொல்லையை வைத்துத்தான் கணக்குச் சொல்வாள். அம்மா போன வருஷம் அது அவள் கைக்கு வந்தது. அமெரிக்கப் பட்டாளம் ஊரைக் கொளுத்தியபோது விதையை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள். அடுத்த பனி உருகியதும் அதே சாம்பலில் ஊன்றினாள். அவளுடைய செனெகா பழங்குடி ஜனங்களில் கொல்லை பெண்களுடையது. ஆண்களுக்கு வேட்டையும் சபைப் பேச்சும்.

ஒரு வசந்தத்தில், நிலம் அளக்க வந்தவர்கள் அந்தக் கொல்லை நடுவே எல்லைக்கட்டை அடித்துவிட்டுப் போனார்கள். கட்டைக்கு அந்தப் பக்கம் விற்றாகிவிட்டதாம். யார் விற்றார்கள் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

இலையுதிரும்போது புதிய அமெரிக்க அரசாங்கத்தின் தூதர் சபைத் தீ முன் வந்து உட்கார்ந்தார். பெண்களுக்காகப் பேசத் தன் தம்பி ஹனோயாவை அனுப்பினாள் கவேனா. அங்கே வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. கையில் சிப்பி மணிச்சரம் வேண்டும். பேச்சைக் கேட்டவர் அதை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். திருப்பித் தந்தால் கதை முடிந்தது. முன்பு இரண்டு குளிர்காலம் கோத்து வைத்திருந்த சரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் பெண்களோடு பின்னால் உட்கார்ந்தாள்.

"எங்க பொம்பளைங்க இந்த நிலத்த விக்கல. விக்க ஆம்பளைங்க எங்களுக்கு உரிமையும் இல்ல" என்று அக்காவைக் காட்டிச் சொல்லி, சரத்தை நீட்டினான் ஹனோயா.

தூதர் சரத்தை வாங்கினார், தடவிப் பார்த்தார், சிரித்த முகத்தோடு திருப்பி நீட்டினார்.

புகைக்குழாய்கள் வாயை விட்டு இறங்கின. மூத்தவர்கள் எழுந்தேவிட்டார்கள். கவேனா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழப்போனாள். போயிற்று கொல்லை.

மொழிபெயர்ப்பாளர் மட்டும் தூதரிடம் குனிந்து என்னவோ கேட்டார். பதிலைக் கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தம்மா கழுத்து நகைய நான் எப்படி வாங்குறதுன்னு கூச்சப்படுறாருங்க. வீட்ல சம்சாரத்துக்கு என்ன பதில் சொல்றதாம்."

சபையே சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் வழக்கத்தை விளக்கியதும் தூதர் காது சிவக்க, இரண்டு கையாலும் சரத்தை வாங்கித் தன் காகிதப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். மறுநாள் பதில் சொன்னார்: எல்லை கொல்லையைத் தாண்டி, ஓடைக்கு அப்பால் போகும். அன்றே ஆட்கள் போய் அங்கே புதுக்கட்டை நட்டார்கள்.

"நம்பலாமாக்கா?" என்று கேட்டான் ஹனோயா.

"காகிதத்த யாருடா நம்புனா? என் சரம் அந்தாளு பொட்டியில இருக்குல்ல."

பழைய கட்டையை அவளே பிடுங்கினாள். அதைப் பிளந்து அடுப்பில் வைத்துச் சோளக்கஞ்சி காய்ச்சினாள். வசந்தத்திலிருந்து அன்றுதான் அவளுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கியது.